வாசகர் கேள்வி-பதில்: உண்ணி மாத்திரை கொடுத்தால் இதயப் புழு வராதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாய்களுக்கு வாயில் கொடுக்கும் மாத்திரைகள் பற்றியவை. எல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. அக்கம்பக்கத்து நாய்க்கு இதயப் புழு என்று தெரிந்ததும் பலருக்குக் கவலை வந்திருக்கிறது. நியாயமான கவலைதான், அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

டாக்டர், எங்கள் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிராவெக்டோ மாத்திரை கொடுக்கிறோம். உடம்பில் ஒரு உண்ணி கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவும் அதே மாத்திரைதான் கொடுத்தார், ஆனால் அவர் நாய்க்கு இதயப் புழு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். கடையில் வாங்கியது போலி மாத்திரையா? – வாசகி, சுங்கை சிப்புட்

போலி என்று நினைக்கக் காரணமே இல்லை அம்மா. அந்த மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதன் வேலை உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் கொல்வது. இதயப் புழுவை அது தொடவே தொடாது. இந்தக் குழப்பம் நிறைய வீடுகளில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிராவெக்டோவில் இருப்பது ஃப்ளூராலனர். நெக்ஸ்கார்டில் அஃபோக்ஸோலனர், சிம்பாரிக்காவில் சாரோலனர். மூன்றும் ஒரே குடும்பத்து மருந்துகள். நாயின் ரத்தத்தில் கலந்து நிற்கும், கடித்து ரத்தம் குடிக்கிற பூச்சி சாகும். இதயப் புழுவுக்கு வேண்டியது வேறு குடும்பத்து மருந்து: ஐவர்மெக்டின், மில்பெமைசின், மொக்சிடெக்டின் ஆகியவற்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்த மாத்திரையும் உண்டு. நெக்ஸ்கார்ட் ஸ்பெக்ட்ராவில் மில்பெமைசின் சேர்ந்திருக்கிறது, சிம்பாரிக்கா ட்ரியோவில் மொக்சிடெக்டின் சேர்ந்திருக்கிறது. ஹார்ட்கார்ட் பிராவெக்டோவுக்கு நேர் எதிர். அது இதயப் புழுவைத் தடுக்கும், உண்ணியை ஒன்றும் செய்யாது. ஆகவே பெட்டியின் முன்பக்கத்து நாய்ப் படத்தைப் பார்த்து வாங்காமல், திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். படிக்கக் கஷ்டமாக இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதயப் புழுவைக் கொண்டுவருவது கொசு, உண்ணி இல்லை. புழு உள்ள நாயைக் கடித்த கொசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் போகின்றன. நம் ஊர் வெக்கையில் சுமார் இரண்டு வாரத்தில் அவை பரவத் தயாராகிவிடும். அதே கொசு அடுத்த நாயைக் கடிக்கும்போது அவை தோலுக்குள் இறங்கும். அங்கிருந்து மெதுவாக நகர்ந்து ஆறேழு மாதத்தில் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலும் இதயத்தின் வலப் பக்கத்திலும் முழுப் புழுவாகத் தங்கிவிடும். பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரூலர் அளவு. நாய்க்குள் ஐந்து முதல் ஏழு வருடம் உயிரோடு இருக்கும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். மாதா மாதம் கொடுக்கும் இதயப் புழு மாத்திரை அடுத்த மாதத்துக்கான கவசம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் போன மாதம் உள்ளே வந்த குஞ்சுப் புழுக்களைத் துடைத்து எடுக்கிற மருந்து. அந்தப் புழுக்கள் சின்னதாக இருக்கும்வரைதான் மருந்துக்கு அடங்கும். இரண்டு மாதம் தாண்டி வளர்ந்துவிட்டால் இந்தச் சிறிய அளவு மருந்து அவற்றை நம்பகமாகக் கொல்லாது. அதனால்தான் "மாதம் ஒரு முறை" என்று அத்தனை அழுத்திச் சொல்கிறோம்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் சிலர் நிறுத்துவார்கள், ஏனென்றால் கொசுவுக்குள் புழு வளர வெப்பம் வேண்டும். நமக்கு அப்படி ஓய்வு மாதம் என்று ஒன்றும் கிடையாது. பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களில் கவிழ்க்காமல் தொங்கும் பால் மங்கு (பால் பிடிக்கிற கிண்ணம்), செம்பனைக் காட்டுக் கால்வாய், வீட்டுப் பின்னால் மழைத் தண்ணீர் பிடிக்கிற டிரம், எல்லாமே வருடம் முழுக்கக் கொசு வளரும் இடம்.

உங்கள் நாய்க்கு இப்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், அப்புறம் இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு மாறலாம், இல்லை இருக்கிறதோடு இதயப் புழு மருந்தைத் தனியாகச் சேர்க்கலாம். வளர்ந்த நாய் என்றால் வருடத்துக்கு ஒரு முறை போடும் மொக்சிடெக்டின் ஊசியும் உண்டு, மாதா மாதம் மறந்துபோகிற வீட்டுக்கு அது நல்ல வழி.

எங்களுடையது நாட்டு நாய். லயன் வீட்டில் வளர்ந்தது. இதற்கெல்லாம் எதிர்ப்பு சக்தி இருக்கும் என்று அப்பா சொல்கிறார். – வாசகர், பெயர் வேண்டாம் என்றவர்

கொசு சாதி பார்த்துக் கடிப்பதில்லை. வெளியே படுத்துத் தூங்குகிற நாட்டு நாய்க்குத்தான் கடி அதிகம், ஆபத்தும் அதிகம். அப்பாவிடம் பதமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஐயா, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து வீட்டில் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒரே மருந்து என்கிறார்கள். நாய்க்குச் சோற்றில் ஒரு சொட்டு விட்டால் செலவு மிச்சமாகுமே? – மாடு வளர்க்கும் வாசகர்

தயவுசெய்து செய்யாதீர்கள். கணக்கைப் பாருங்கள், ஏன் என்று தெரியும். மாட்டு ஊசியின் வழக்கமான வீரியம் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். இதயப் புழுத் தடுப்புக்கு நாய்க்கு வேண்டியது ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். 10 கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம் போதும். ஒரே ஒரு மில்லியில் அப்படிப்பட்ட 160 நாய்களுக்கு மேல் கொடுக்கிற மருந்து இருக்கிறது! ஒரு சொட்டே பல மடங்கு கூடுதல். சிரிஞ்சில் இவ்வளவு சின்ன அளவைக் கண்ணால் பார்த்து அளக்க யாராலும் முடியாது.

கூடிப்போனால் நாய் தள்ளாடும், எச்சில் ஒழுகும், கண்மணி விரிந்து கண் தெரியாமல் சுவரில் முட்டும், நடுக்கம் வரும், நினைவு தப்பும். இதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. டிரிப் போட்டு உடம்பு தானாக வெளியேற்றும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கோலி, ஷெல்டி போன்ற இனங்களிலும் அந்த ரத்தம் கலந்த நாய்களிலும் பலவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணு பழுதாகி இருக்கும், அவற்றுக்கு இன்னும் சீக்கிரம் விஷமாகும். மாட்டுக்கு வாங்கியதை மாட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். பணம்தான் கஷ்டம் என்றால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், ஐவர்மெக்டின் மட்டும் உள்ள நாய் மாத்திரை, சேர்ந்த மாத்திரையைவிடப் பொதுவாக விலை குறைவு.

செலவைக் குறைக்கப் பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டு சின்ன நாய்களுக்குப் பிட்டுக் கொடுப்பதாக இன்னொருவர் எழுதியிருந்தார். அதுவும் வேண்டாம். மருந்து மாத்திரை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது.

மாத்திரையைச் சோற்றில் வைத்தால் சோற்றை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுகிறது. என்ன செய்வது? – வாசகி, தோட்டத்துப் பள்ளி ஆசிரியை

டீச்சர், உங்கள் நாய் கெட்டிக்காரி. முழுத் தட்டுச் சோற்றில் கலக்கவே கலக்காதீர்கள், மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது. வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு எடுங்கள். மூன்று சின்ன உருண்டையாகப் பிசையுங்கள். முதல் உருண்டையில் ஒன்றும் வேண்டாம், கொடுத்து ஆசை காட்டுங்கள். இரண்டாவதில் மாத்திரை. அதைக் கொடுக்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்தது கிடைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் கையில் இருப்பதை விழுங்கிவிடும். ஈரல் இல்லாத அன்று டின் சார்டினில் குழம்பை வழித்துவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வெங்காயம் போட்ட கறி வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது.

கொடுத்தபின் உடனே வேலைக்கு ஓடாமல் சில நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். சில நாய்கள் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நம் தலை மறைந்ததும் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்த் துப்பும். மறுநாள் கூட்டும்போதுதான் ஊறிப்போன மாத்திரை கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருத்துவமனைக்குப் போன் போடுங்கள், பல மாத்திரைகளை அப்போது மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். பிராவெக்டோவைச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், வெறும் வயிற்றில் வேண்டாம்.

தோட்டத்தில் வேலை முடித்துப் போனவர்கள் விட்டுச் சென்ற நாயை எடுத்து வளர்க்கிறேன். நான்கு வயது இருக்கலாம். இரவில் இருமுகிறது, கொஞ்சம் ஓடினாலே படுத்துவிடுகிறது. இன்றே இதயப் புழு மாத்திரை தொடங்கலாமா? – வாசகர், மோட்டார் பட்டறை வைத்திருப்பவர்

விட்டுப்போன நாயை எடுத்துக்கொண்டீர்களே தம்பி, மனசு நிறைந்தது. ஆனால் மாத்திரையை இன்றைக்குத் தொடங்காதீர்கள். முதலில் பரிசோதனை. ஏழு மாதத்துக்கு மேற்பட்ட, இதுவரை தடுப்பு மருந்து பெறாத எந்த நாய்க்கும் இதுதான் முறை. ரத்தத்தில் குஞ்சுப் புழுக்கள் நிறைய இருக்கும்போது மாத்திரை கொடுத்தால், முக்கியமாக மில்பெமைசின் கொடுத்தால், அவை ஒரே நேரத்தில் செத்து நாய் மயங்கி விழும் அளவுக்கு எதிர்விளைவு வரக்கூடும். பரிசோதனைக்குச் சில சொட்டு ரத்தம் போதும், முடிவு அங்கேயே சில நிமிடத்தில் தெரியும்.

நீங்கள் சொல்லும் இருமலும் களைப்பும் இதயப் புழுவின் அடையாளங்கள்தான், வேறு நோயிலும் வரும் என்றாலும். வயிறு உப்பி விலா எலும்பு தெரிந்தால் முற்றிய நிலை. திடீரென்று ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

புழு இருக்கிறது என்று வந்தாலும் கையை விரிக்க வேண்டியதில்லை. முதலில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு மாதம், பிறகு வளர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சொமைன் ஊசி இடுப்புத் தசையில் மூன்று முறை: ஒன்று போட்டு, ஒரு மாதம் விட்டு அடுத்தடுத்த நாளில் இரண்டு. அந்த ஊசி கிடைக்காத இடங்களில் மொக்சிடெக்டினையும் டாக்ஸிசைக்ளினையும் வைத்து மெதுவாகக் குறைக்கும் வழியும் உண்டு, எது என்பதை நாயைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். எந்த வழியானாலும் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது மருந்தைவிடக் குறைந்ததில்லை. நாயை ஓட விடக்கூடாது. செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரல் குழாய்களில் போய் அடைக்கும், அந்த நேரத்தில் மோட்டாருக்குப் பின்னால் ஒரு ஓட்டம் ஓடினாலும் உயிருக்கே ஆபத்து. கட்டிப் போடுங்கள், சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றோடு கூட்டிப் போங்கள், கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் இப்படித்தான். பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் அவிழ்த்துவிடாதீர்கள்.

மாத்திரை கொடுத்து ஒரு வாரம் ஆகியும் தெள்ளுப்பூச்சி தெரிகிறது. – வாசகி, தாமான் வீட்டுக்கு மாறியவர்

மாத்திரை பூச்சியை விரட்டாது. பூச்சி ஏறிக் கடித்த பிறகுதான் சாகும். நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான், முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் உங்கள் வீட்டுச் சாக்கிலும், பலகைக்கு அடியிலும், சிமெண்டு வெடிப்பிலும் இருக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வு பட்டதும் வெளியே வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிற வீட்டில் காலெல்லாம் கடிப்பது இதனால்தான். நாய் படுக்கும் துணியை வாரம் ஒரு முறை சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், மூலை முடுக்கைக் கூட்டி அள்ளிக் கொட்டுங்கள், வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுங்கள். பூனைக்குப் பூனை மருந்துதான், நாயின் முதுகில் விடும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

குறைகிறதா என்று பார்க்க ஒரு வழி. வால் அடிப்பக்கத்தில் நுண்சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஸ்யூ மேல் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் கழிவு, நாயின் ரத்தம்தான் அது. வெறும் மண் என்றால் அப்படிக் கசியாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் மாத்திரை கொடுத்தால் அடங்கும். பொறுமை போய் நாய் மேல் மண்ணெண்ணெயோ தோட்டத்துப் பூச்சி மருந்தோ ஊற்றாதீர்கள், நக்கி விஷம் ஏறி வரும் நாய்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

எங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வரும். உண்ணி மாத்திரை கொடுக்கலாமா? – வாசகர், கோலகங்சார் சாலை

முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிராவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா எல்லாம் அடங்கிய அந்தக் குடும்பத்து மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் ஏற்கெனவே வலிப்பு உள்ள நாய்க்கு வேறு வகை மருந்தைப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டு மாதம் இதயப் புழு மாத்திரை கொடுக்க மறந்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? – வாசகி, செம்பனைத் தோட்டம்

சேர்த்துக் கொடுக்க வேண்டாம். இன்றைக்கு ஒன்று கொடுங்கள், இன்றிலிருந்து மாதா மாதம் தொடருங்கள். விட்டுப்போன நாட்களில் புழு ஏறியிருந்தாலும் இப்போது ரத்தப் பரிசோதனையில் தெரியாது, அந்தப் பரிசோதனை வளர்ந்த பெண் புழுவைத்தான் கண்டுபிடிக்கும். அதனால் ஏழாவது மாதத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இனி மறக்காமல் இருக்கச் சம்பளம் போடுகிற நாளிலேயே கொடுத்துவிடுங்கள், அந்தத் தேதி வீட்டில் யாருக்கும் மறக்காது. கொடுக்கும் முன் நாயை ஒரு தடவை எடை போடுங்கள், குட்டியாக இருந்தபோது வாங்கிய பெட்டி இப்போது அதன் எடைக்குப் போதாது.