மார்க் போடுபவர் மென்டராக வேண்டாம்

கேள்வி: எங்கள் செவிலியர் கல்லூரியில் சிறுபான்மைச் சமூக மாணவர்கள் வகுப்புக்கு மூன்று நான்கு பேர்தான். அவர்களுக்கு ஆன்லைனில் மென்டர் (வழிகாட்டி) ஏற்பாடு செய்தோம். இரண்டு சந்திப்போடு எல்லாரும் நின்றுவிட்டார்கள். எங்கே தவறு?

பதில்: மென்டர் யாரென்று முதலில் பாருங்கள். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் என்றால், "கணக்கு வரவில்லை", "வார்டில் ஓரங்கட்டுகிறார்கள்" என்று அவரிடம் எந்த மாணவரும் சொல்ல மாட்டார். வேலையில் இருக்கும் செவிலியரோ படித்து முடித்த சீனியரோ பொருத்தம். அதே சமூகத்தவராக இருக்க வேண்டுமா என்பதை மாணவரையே கேளுங்கள். அப்படியிருந்தால் பேசியது வீடு வரை போய்விடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். ஒரு மென்டருக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

"ஏதாவது பிரச்சினையா?" என்று தொடங்கினால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். பேச்சு அத்தோடு படுத்துவிடும். கையில் ஒரு வேலையோடு உட்காருங்கள். உதாரணத்துக்கு மருந்தளவுக் கணக்கு: கொடுக்க வேண்டியது 375 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. மருந்து. 375-ஐ 250-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 7.5 மி.லி. மாணவர் தாளில் போட்டுப் படமெடுத்து அனுப்பட்டும். 1.5 என்று நின்றிருந்தால் 5-ஆல் பெருக்க விட்டுவிட்டார். 3.3 வந்திருந்தால் தலைகீழாக வகுத்திருக்கிறார். 5 மி.லி.யில் இருப்பதைவிட அதிக மருந்து வேண்டும், அதனால் விடை 5-க்கு மேல்தான் வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கப் பழக்குங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பழக்கம்தான் வார்டில் காப்பாற்றும்.

வார்டில் பேசும் மொழி தாய்மொழியாக இல்லாதவர்கள் டாக்டருக்குப் போன் செய்யத் தடுமாறுவார்கள். மென்டர் டாக்டராக நடிக்கட்டும். நோயாளியின் இப்போதைய நிலை, பின்னணி, தன் கணிப்பு, என்ன வேண்டும் என்ற வரிசையில் மாணவர் ஒரு நிமிடத்தில் சொல்லட்டும். நோயாளியின் பெயர், படுக்கை எண், படம் எதுவும் சாட்டில் வரக்கூடாது.

முதல் 6 வாரம் வாரத்துக்கு அரை மணி நேரம் போதும், பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை. நைட் டூட்டி முடிந்த காலையில் வைக்காதீர்கள். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள், பலருக்குத் தனி அறை கிடையாது. ஒரு சந்திப்பு தவறினால் அன்றே மென்டர் விசாரிக்கட்டும், கண்டிக்கும் தொனி வேண்டாம்.

பாகுபாடு பற்றிய புகார் வந்தால் மென்டரே பஞ்சாயத்து பேசக்கூடாது. தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே எழுதி வைத்து, மாணவர் சம்மதித்த பிறகே கல்லூரியில் அதற்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்தப் பொறுப்பாளர் யாரென்பது முதல் சந்திப்பிலேயே மாணவருக்குத் தெரிந்திருக்கட்டும்.