தான்சானியாவில் ஊழியம் செய்யும் திருமங்கலம் தம்பிக்கு

தம்பி, ஊழியத்துக்கென்று தான்சானியா போய் மூன்று மாதம் ஆகிறது, ஜனங்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, பெரியவர்கள் முகம் கொடுப்பதில்லை, உகாலி தொண்டையில் இறங்கவில்லை, திருமங்கலத்துக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு டிக்கெட் போடாதீர்கள்.

முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். அங்கே பேசும் சுவாஹிலி மொழிக் கணக்கில் மணி விடியலிலிருந்து ஓடும், நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று, ஆக சுவாஹிலியில் பத்து மணி என்றால் சாயங்காலம் நாலு. நீங்கள் காலையிலேயே போய் வெறும் பெஞ்சைப் பார்த்துக் கொதித்திருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் வணக்கம். மூத்தவரைப் பார்த்ததும் 'ஷிகாமோ' சொல்லி, அவர் 'மரஹபா' என்ற பிறகு, வீடு, பிள்ளைகள், வேலை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வந்த விஷயத்தை எடுக்க வேண்டும். நேராகப் போய் ஜெபக் கூட்டத்துக்கு வாங்க என்றால் யார் முகம் கொடுப்பார்கள்? உகாலி மக்காச்சோள மாவுக் களிதான், கையால் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி அழுத்தி, கீரையை அள்ளிச் சாப்பிடுங்கள், இறங்கும்.

நம்ம மதுரைக்கு 1606இல் வந்த இத்தாலிப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலி கறியை விட்டார், காவி கட்டினார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். அதற்காகச் சொந்த ஆட்களே புகார் சொல்லி, அது ரோம் வரை போய், 1623இல்தான் போப் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்த அளவுக்கு உங்களைப் போகச் சொல்லவில்லை.

தூக்கமே இல்லை, யாரையும் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிற நிலை என்றால் மட்டும் தயங்காமல் அனுப்பிய சபையில் சொல்லிவிடுங்கள், அங்கேயே ஒரு டாக்டரையும் பாருங்கள்.