கொலனோஸ்கோபி அன்று காலையிலும் பழுப்பாகப் போனால்

பெருங்குடலைக் கேமரா குழாயால் பார்க்கும் கொலனோஸ்கோபி இன்று 11 மணிக்கு; குடலைச் சுத்தம் செய்யும் 2 லிட்டர் பேதி மருந்தை நேற்று மாலையே குடித்து முடித்தும் மலம் பழுப்பாக, கலங்கலாகப் போகிறதென்றால் குடல் இன்னும் சுத்தமாகவில்லை. 11 மணி வரை காத்திருக்காமல் இப்போதே எண்டோஸ்கோபி பிரிவுக்குப் போன் செய்து சொல்லுங்கள். கூடுதல் மருந்து தருவார்கள், அல்லது நேரத்தைத் தள்ளிவைப்பார்கள்.

2 லிட்டரையும் நேற்று மாலையே குடித்து முடித்ததுதான் காரணமாக இருக்கும். இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இறங்கி, பெருங்குடலின் தொடக்கப் பகுதியான சீக்கத்தின் சுவரில் படிந்துவிடும். தட்டையான பாலிப்கள் (குடல் சுவரில் வளரும் சிறு கட்டிகள்) கண்ணுக்குத் தப்புவதும் அந்த வலப்பக்கத்தில்தான். அதற்காகவே பாதியை மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு 4–6 மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்கிறார்கள்.

அடுத்த முறை மலம் போகும்போது கழிப்பறைக் கோப்பையின் அடி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை, அது பித்தத்தின் நிறம்.

இதய, சிறுநீரக நோய் இருந்தால் கூடுதல் மருந்தை நீங்களாகக் குடிக்காதீர்கள். மயக்க மருந்துக்கு முந்தைய 2 மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம்.