என்.எச்.எல். டிஃபென்ஸ்மேனுக்கு எவ்வளவு சம்பளம் நியாயம்?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல், ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்கு மொத்தமாக இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பு இருக்கும்போது நல்ல டிஃபென்ஸ்மேனுக்கு (தடுப்பாட்டக்காரருக்கு) எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டாலரை விடுங்கள், வரம்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 2021-இல் கொலராடோ அணி கேல் மக்காருக்கு ஆறு வருடம், வருடத்துக்குச் சராசரியாக 90 லட்சம் டாலர் என்று கையெழுத்துப் போட்டபோது அணியின் மொத்த வரம்பு 8.15 கோடி, அதாவது சுமார் 11 சதவீதம். 2025-26-இல் வரம்பு 9.55 கோடி ஆனதும் அதே தொகை 9.4 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அணிக்கு அது எவ்வளவு பெரிய லாபம்!

அப்புறம், எத்தனை வருடம் என்பது. இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 2013 ஜனவரியில் மாண்ட்ரியால் அணி டிஃபென்ஸ்மேன் பி.கே. சுப்பனுக்கு இரண்டே வருடம், மொத்தம் 57.5 லட்சம் டாலர் கொடுத்து மிச்சம் பிடித்தது. அந்த சீசனிலேயே அவர் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை வாங்கிவிட்டார், 2014-இல் எட்டு வருடத்துக்கு 7.2 கோடி எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) கணக்கை மட்டும் வைத்துப் பேரம் பேசாதீர்கள். ஓர் ஆள் குறைவாக ஆடும் பெனால்டி நேரத்தில் யாரைக் களத்தில் இறக்குகிறார்கள் என்று பாருங்கள், அந்த உழைப்புக்கும் காசு உண்டு.