பிச்சாவரமா, முத்துப்பேட்டையா: எந்தத் திட்டுக்குப் போகலாம்?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் கும்பகோணத்திலிருந்து கடலோரத் தீவுகளைப் பார்க்கப் புறப்படுகிறோம். பிள்ளைகளுக்கு 8 வயது, 12 வயது. மாமியாருக்கு முட்டிவலி. பிச்சாவரம், கொடியம்பாளையம், முத்துப்பேட்டை மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பதில்: வேண்டாம் அம்மா. பிச்சாவரம் உங்களுக்கு வடகிழக்கே, கொள்ளிடத்தைத் தாண்டி. முத்துப்பேட்டை தெற்கே, மன்னார்குடிக்கும் அப்பால். நாள் முழுக்க காரிலேயே போய்விடும். மாமியாரும் வருவதால் இந்த முறைக்குப் பிச்சாவரம் போதும்.

தீவு என்றதும் பிள்ளைகள் நீலக்கடல் நடுவே வெள்ளை மணலைக் கற்பனை செய்திருப்பார்கள். நம் டெல்டாவில் இருப்பவை ஆற்று வண்டலும் கடல் மணலும் சேர்ந்து உருவான திட்டுகள், அவற்றைச் சுற்றி உப்பங்கழி. பெரும்பாலும் படகில் இருந்தபடியே பார்க்க வேண்டியவை. இதை வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள்.

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத்துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. துடுப்புப் படகையே எடுங்கள். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் தாங்குவேர்கள் இரு பக்கமும் இறங்கி நிற்கும் குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். சத்தமில்லாததால் கொக்கும் நாரையும் பறந்து ஓடாது.

முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம் பயணத்தில் இல்லை, படகில் இறங்கி ஏறுவதில்தான். நீர் ஏறியிருக்கும்போது படகும் உயர்ந்து நிற்கும், கால் வைப்பது எளிது. இந்தக் கரையில் கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் வலிக்கிற காலுக்கு அரையடியே பெரிசு. ஏற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், முந்தின நாளே படகுத்துறையில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை வேளையில் அமைந்தால் இன்னும் நல்லது, வெயில் தலையில் இறங்காது.

பிள்ளைகள் இலை பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இங்கேதான் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கொடியம்பாளையம் கொள்ளிட முகத்துவாரத்தில் இருக்கும் தீவுக் கிராமம். பாலம் இருப்பதால் பிச்சாவரம் பக்கமிருந்து காரிலேயே போகலாம். மாமியாருக்குத் தெம்பிருந்தால் மாலையில் போய்க் கடற்கரையில் உட்காருங்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

நாள் குறிக்கும்போது டிசம்பர் 26 வேண்டாம். 2004 சுனாமியில் இந்தக் கரையே உறவுகளைப் பறிகொடுத்த நாள் அது. பிச்சாவரத்துக்குக் கடல் பக்கமுள்ள எம்.ஜி.ஆர். திட்டு அன்று அழிந்தது. மீனவக் கிராமங்கள் அன்று கடலுக்குப் போகாமல் அஞ்சலி செலுத்தும்; நாம் அங்கே உல்லாசமாகப் போய் நிற்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திராத மாதம் வேறு. காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

முத்துப்பேட்டை எனக்கு மிகப் பிடித்த இடம். 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப்போட்ட அலையாத்திக் காடு அது. ஆற்று வழியே நெடுநேரம் படகில் போனால்தான் காயல், அதாவது கடலோர உப்புநீர் ஏரி, விரியும். பிள்ளைகளோடு நீங்கள் இருவர் மட்டும், தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போங்கள். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சாப்பாடும் குடிதண்ணீரும் கையோடு இருக்கட்டும்.