டிக்கெட்டில் இரண்டரை மணி, ஆகாயத்தில் பதினாறு மணி

பெங்களூரிலிருந்து வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்விகள் இவை.

அல்சூர் வாசகி: சான் பிரான்சிஸ்கோ டிக்கெட்டில் புறப்பாடு மதியம் 2:30, வருகை அதே நாள் மாலை 5:00 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லைம்மா. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் அந்த ஊர் நம்மைவிட 13½ மணி நேரம் பின்தங்கியிருக்கும். கடிகாரம் காட்டும் 2½ மணியோடு அதைக் கூட்டினால் 16 மணி நேரம். திரும்பும்போது கூட்டாதீர்கள், கழியுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அதன்பின் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 12½ மணிதான். பிப்ரவரியில் போய் ஏப்ரலில் திரும்புகிறவர்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்வதால்தான் கணக்கு ஒரு மணி நேரம் பிசகுகிறது.

ஸ்ரீராமபுரம் வாசகர்: தூரம் தெரிந்தால் நேரத்தை நாமே போட முடியுமா?

முடியும். கிலோமீட்டரை 900-ஆல் வகுத்து, ஏற இறங்க, ஓடுபாதைக்குப் போய்வர முக்கால் மணி சேருங்கள். சான் பிரான்சிஸ்கோ சுமார் 14,000 கி.மீ. என்பதால் ஏறக்குறைய 16¼ மணி வரும். சிங்கப்பூர் சுமார் 3,200 கி.மீ., அதற்கு நாலேகால் மணி.

ஒயிட்ஃபீல்டு வாசகி: அப்படிப் போட்டால் லண்டனுக்கு ஏறக்குறைய ஒன்பதே முக்கால் மணிதான் வருகிறது. டிக்கெட்டில் பத்தரை! திரும்பி வரும்போது குறைகிறது.

உங்கள் கணக்கு சரி. லண்டன் சுமார் 8,040 கி.மீ. ஆனால் விமானம் பறக்கும் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். போகும்போது அது முகத்தில் அடிக்கும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும். குளிர்காலத்தில் இன்னும் வேகம். அதோடு, வான்வெளி மூடப்பட்டால் சுற்றிப் போக வேண்டும். 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, மேற்கே போகும் டெல்லி விமானங்கள்தான் பெரிதும் அடிபட்டன.

அதே வாசகி: முன் இருக்கைத் திரையில் பாதை வில் மாதிரி வளைகிறதே?

வளைவது பாதையல்ல, தட்டையாக்கிய வரைபடம். உலக உருண்டையில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சைபீரியாவின் வட கடற்கரை ஓரமாக, 71 டிகிரி வட அட்சரேகையைத் தொடும். அதுதான் மிகக் குறுகிய வழி. காற்றைப் பார்த்து விமானிகள் அதிலிருந்து விலகிப் போவதும் உண்டு.

ஜெயநகர் வாசகர்: நியூயார்க்கில் இறங்கி டல்லாஸுக்கு மாற ஒன்றரை மணி போதுமா?

போதாது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். மூன்று மணி நேரம் வையுங்கள். இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டானால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் புது டிக்கெட் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.