பழைய ஆங்கிலப் பாட்டுத் தாளில் ஆண்டே இல்லை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் லண்டன் இசைத்தாள்களில் பாட்டுப் பெயர், விலை, பதிப்பகம் எல்லாம் இருக்கும், ஆண்டு மட்டும் இருக்காது. பதிப்பகங்கள் வேண்டுமென்றேதான் அதை விட்டுவிட்டன. போன வருடத்துப் பாட்டு என்று அட்டையிலேயே தெரிந்தால் சரக்கு தேங்கிவிடும் என்ற கணக்கு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டு வெளிவந்த ஆண்டு வேறு, உங்கள் கையிலுள்ள தாள் அச்சான ஆண்டு வேறு. அச்சடிக்க இசைக்குறிகளைச் செதுக்கிய உலோகத் தகட்டைப் பதிப்பகம் எடுத்து வைத்திருக்கும். கேட்க ஆள் இருக்கும்வரை பல பத்தாண்டுகள்கூட அதிலிருந்தே அச்சடிக்கும். "ஹோம் ஸ்வீட் ஹோம்" 1823இல் வந்த பாட்டு. ஆனால் அதன் தாள்கள் அந்த நூற்றாண்டு முழுக்க அச்சாகிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு பக்க அடியிலும் நடுவில் இருக்கும் சின்ன எண்தான் பிளேட் நம்பர். அது தகடு செதுக்கிய காலத்தைச் சொல்லும், தாளின் வயதைச் சொல்லாது. நிறையப் பேர் ஏமாறும் இடம் இது.

தாளின் வயதுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது முகவரி. லண்டனுக்கு 'டபிள்யூ', 'டபிள்யூ.சி.' போன்ற அஞ்சல் வட்டாரங்கள் வந்தது 1857-58இல். அவற்றோடு எண் சேர்ந்தது 1917இல். ஆகவே 'டபிள்யூ.சி.' என்று இருந்தால் 1857க்குப் பின், 'டபிள்யூ.சி.2' என்று இருந்தால் 1917க்குப் பின். "இட்ஸ் எ லாங் வே டு டிப்பெரரி" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தில் காப்பிரைட் 1912 என்றுதான் இருக்கும். அதே தாளின் அட்டை முகவரியில் 'டபிள்யூ.சி.2' என்று இருந்தால், அது முதல் உலகப்போரின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ அச்சான பிரதி. தெருவே வயது சொல்வதும் உண்டு. ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ திறந்தது 1886, சேரிங் கிராஸ் ரோடு 1887. அந்த முகவரிகள் கொண்ட தாள் எதுவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பூசி என்ற லண்டன் இசைப் பதிப்பகத்தின் பெயரோடு ஹாக்ஸ் என்ற பெயரும் சேர்ந்திருந்தால் 1930 அல்லது அதற்குப் பின்.

அடுத்தது சட்ட வாசகங்கள். 'எண்ட். ஸ்டா. ஹால்' என்று சுருக்கி அச்சிட்டிருப்பது, லண்டனில் வெளியீடுகளின் உரிமையைப் பதிவுசெய்த ஸ்டேஷனர்ஸ் ஹாலில் பதிவானது என்பதன் அடையாளம். 1911ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டம் 1912 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பதிவுக்கு அவசியம் இல்லாமல் போனது. பழைய தகடுகளில் மட்டும் வாசகம் தொடர்ந்தது. 'இந்தப் பாட்டைக் கட்டணமின்றிப் பொது இடத்தில் பாடலாம், தியேட்டர், மியூசிக் ஹால் தவிர' என்ற வரி இருந்தால் இன்னும் நல்லது. அதன் பின்னால் ஒரு கசப்பான வழக்கம் இருக்கிறது. சிலர் பழைய பாட்டுகளின் நிகழ்த்தும் உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, ஊர்க் கச்சேரியில் அறியாமல் பாடியவர்களிடம்கூட தடவைக்கு 40 ஷில்லிங் அபராதம் கேட்டு மிரட்டுவார்கள். அதைத் தடுக்கத்தான், உரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் அதை முகப்பிலேயே அச்சிட வேண்டும் என்று 1882இல் சட்டம் வந்தது. பாடகர் பயப்படாமல் வாங்கட்டும் என்று பதிப்பகங்கள் எதிர்த்திசையில் இந்த வரியைப் போட்டன. ஆகவே அது பெரும்பாலும் 1880களையோ அதற்குப் பிந்திய காலத்தையோ காட்டும். 1891க்குப் பிறகு நமக்கு வேலை எளிது: அமெரிக்காவில் உரிமை கிடைக்க அங்கத்திய சட்டப்படி ஆண்டோடு காப்பிரைட் வரி வேண்டும் என்பதால், முதல் இசைப்பக்க அடியில் பொடி எழுத்தில், சில சமயம் ரோமன் எண்ணில், ஆண்டு வரத் தொடங்கியது. அட்டையை மட்டும் பார்த்துவிட்டு 'ஆண்டு இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள்.

விலையை அப்படியே நம்ப வேண்டாம். விக்டோரியா காலத்துத் தாளில் 4 ஷில்லிங் என்று இருந்தாலும் கடையில் பாதி விலைக்குத்தான் விற்றது. 'நெட்' என்ற சொல் சேர்ந்தால் அதுதான் உண்மையான விலை. பென்னியைக் குறிக்க 'டி'க்குப் பதில் 'பி' இருந்தால் 1971 தசம நாணயத்தை ஒட்டியோ அதற்குப் பின்னோ அச்சான மறுபதிப்பு.

வண்ண லித்தோ (கல்லச்சு) அட்டையானால் ஓவியத்தின் கீழ் மூலையில் கையெழுத்தைத் தேடுங்கள். அட்டை ஓவியர்களில் ஜான் பிராண்டர்ட் 1863இலும் ஆல்ஃபிரட் கான்கேனன் 1886இலும் இறந்தார்கள். அவர்கள் கையெழுத்து இருந்தால் ஓவியம் அதற்கு முன் வரைந்தது. மறு அச்சு பின்னாலும் வந்திருக்கலாம். 'மாட்சிமை தங்கிய அரசிக்கு' என்று சமர்ப்பணம் இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா, 'அரசருக்கு' என்றால் 1837க்கு முந்தியவர்களிலோ 1901 ஜனவரி 22க்குப் பின் வந்தவர்களிலோ ஒருவர். பின்னட்டையில் மற்ற பாட்டுகளின் முதல் சில அடிகளை விளம்பரமாகப் போட்டிருப்பார்கள். அவற்றிலேயே புதிய பாட்டு எது என்று பாருங்கள். தாள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

1820களுக்கு முந்திய தாள் என்று தோன்றினால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள். ஏற்றுமதி வரிச்சலுகைக்காகத் தாளிலேயே ஆண்டைப் பதிக்க 1794இல் சட்டம் கட்டாயப்படுத்தியது. அதற்குப் பிந்திய தாளானால் காகிதம் செய்த ஆண்டு பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ஸ்வர வரிக்கு மேலே டி, ஆர், எம் என்று ஆங்கில எழுத்துகள் ஓடினால் அது டானிக் சோல்-ஃபா, அதாவது டோ, ரே, மி என்ற ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் முறை; நம் ஸட்ஜம் போலவே சுருதி எங்கே இருந்தாலும் 'டோ' என்பது 'டோ'தான். அதோடு சின்னக் கட்டங்களில் யுக்குலேலே (நான்கு தந்திகள் கொண்ட சின்ன கிதார்) விரல் குறிப்பும் இருந்தால் 1920களோ அதற்குப் பின்னோ. வாசித்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அந்தக் காலத்து லண்டன் தாள்களில் பெரும்பாலும் ஏ, டி, எஃப் ஷார்ப், பி என்ற சுருதிதான். இன்றைய ஜி, சி, ஈ, ஏ சுருதியில் அதே விரல்களை வைத்தால் பியானோவைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். யுக்குலேலே கழுத்தின் இரண்டாவது கட்டத்தில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் பிடிப்பான்) மாட்டினால் சேர்ந்துவிடும்.

இதுவரை சொன்ன தடயங்களில் பெரும்பாலானவை 'இதற்கு முன் இல்லை' என்றுதான் சொல்கின்றன. 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்வது இரண்டுதான்: பழைய உரிமையாளர் மையில் எழுதிய பெயரும் தேதியும், நூலக முத்திரைத் தேதியும். மூலையில் மங்கிய கையெழுத்து இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

பாட்டின் ஆண்டுக்கு பிரிட்டிஷ் லைப்ரரி பட்டியலில் தலைப்பையும் இசையமைத்தவர் பெயரையும் தேடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஆண்டு இருந்தால் அது தாளில் அச்சானதல்ல, பட்டியல் போட்டவர்கள் கணித்தது. பதிப்பக முகவரி உங்கள் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஓரம் வெட்டுப்பட்டு அடி வரியே இல்லையென்றால், யாரோ பல பாட்டுகளைச் சேர்த்து பைண்ட் செய்து பின்னால் பிரித்த தாள் அது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். கண்டுபிடித்த ஆண்டை எழுத வேண்டுமானால் 2பி பென்சிலால் பின்பக்க மூலையில், அழுத்தாமல் எழுதுங்கள்.